‘மாற்றவும்’ என்றால் புதிதாக வாங்குவதா, கழற்றியதைப் பூட்டுவதா?

கோவைப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக மேனுவல் எழுதிவரும் வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரையும் கம்பெனியையும் அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இவர் எழுதுவது ஆங்கில மூலம். தமிழையும் இந்தியையும் வெளியே கொடுத்து மொழிபெயர்த்து வாங்குகிறார்கள். தமிழை மட்டும் இவர் ஒருமுறை படித்துவிட்டு அச்சுக்கு அனுப்புவார். போன வருடம் மென்பொருள் கம்பெனி ஒன்றிலிருந்து புது மேலாளர் வந்தார். கையோடு ஒரு ஸ்டைல் கைடும் வந்தது. ‘ஷல்’ என்பது வக்கீல் நோட்டீஸ் வாசனை அடிக்கிறது, ‘மஸ்ட்’ வாடிக்கையாளரை அதட்டுகிறது, ஆகவே எல்லா இடத்திலும் ‘ஷுட்’ போடுங்கள் என்பது அதில் ஒரு விதி. ஒரே பத்தியில் ஒரே பெயர்ச்சொல் மூன்று தடவை வரக்கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் முதல் வரியில் ‘மோட்டார்’, அடுத்ததில் ‘யூனிட்’, அதற்கடுத்ததில் ‘மெஷின்’ என்று எழுதவேண்டியிருக்கிறது. வாசகி மறுத்துப் பேசியபோதெல்லாம் “இது ரசனை சம்பந்தப்பட்டது, இதில் சரி தப்பு கிடையாது” என்று பதில் வந்திருக்கிறது.

இதற்கிடையில் ஒரு சம்பவம். பம்ப்பையும் மோட்டாரையும் இணைத்துச் சுழலும் கப்ளிங்கின் மேல் ஒரு தகர மூடி இருக்கும். பராமரிப்புப் பக்கத்தின் கடைசி வரியில், கழற்றிய மூடியைத் திரும்பப் பூட்டுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘ரீப்ளேஸ்’ என்று இருந்தது. தமிழில் அது ‘மூடியை மாற்றவும்’ என்று வந்துவிட்டது. ஒரு மெக்கானிக் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, “மாத்தச் சொல்லியிருக்கீங்க, புது மூடி எங்க கிடைக்கும்? பழசு இரும்புக் கடைக்குப் போயிருச்சு” என்று கேட்டிருக்கிறார். அதுவரை நான்கு நாள் பம்ப் மூடியில்லாமல் ஓடியிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று வாசகி சொன்னதற்கு, “ரீப்ளேஸ் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்” என்று மேலாளர் முடித்துவிட்டார். இப்போது அடுத்த பதிப்பில் ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இவர் போடவில்லை. ‘மனப்பான்மை சரியில்லை’ என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டார்கள்.

அவர் கேட்பது நான்கு: ‘ஷல்’, ‘ஷுட்’ சண்டையில் யார் பக்கம் நியாயம்? நாளைக்கு விபத்து நடந்தால் வழக்கு என் மேல் வருமா? கையெழுத்துப் போடலாமா? வேலையை விட்டுவிடலாமா?

அன்புச் சகோதரி,

நுகர்வோர் வழக்குகள் நடத்துகிற வக்கீல் என்ற முறையில் மேனுவல்களை நான் படிப்பது பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, சான்றாவணமாக எண் போடப்பட்ட நிலையில்தான். அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒருவர் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டுகிறார் என்று கேட்பதே எனக்குப் புதிது. உங்கள் கவலை அதீதமானது என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் தேடிய ஒரு வரி இல்லை. அடுத்த பதிப்பைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி, மதிப்பீட்டைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே பம்ப்போடு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட புத்தகங்கள் என்ன ஆயின? ‘மூடியை மாற்றவும்’ என்ற வரி இன்றைக்கும் எத்தனை மோட்டார் ரூமில் ஆணியில் தொங்குகிறதோ. சுழல்கிற கப்ளிங்கில் ஒரு துண்டின் நுனியோ வேட்டியின் ஓரமோ சிக்க ஒரு நொடி போதும். ஆகவே உங்கள் நான்கு கேள்விகளுக்கும் முன்னால் இதை வைக்கிறேன். டீலர்களுக்கும் சர்வீஸ் ஆட்களுக்கும் ஒரு திருத்தச் சீட்டு போகவேண்டும். “கழற்றிய மூடியையே திரும்பப் பூட்டுங்கள். மூடி இல்லாமல் பம்ப்பை ஓட்டாதீர்கள்.” இவ்வளவுதான் விஷயம், வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம். இதை நீங்கள் எழுத்தில் கேளுங்கள், ஸ்டைல் கைடு பேச்சையே எடுக்காமல். அந்த போன் அழைப்பு சர்வீஸ் சென்டர் பதிவேட்டில் இருக்கிறதல்லவா? அந்தத் தேதியிலிருந்து கம்பெனிக்கு விஷயம் தெரியும் என்று ஆகிவிட்டது. தெரியாமல் நடந்த பிழைக்கும் தெரிந்த பிறகும் திருத்தாத பிழைக்கும் சட்டத்தின் பார்வையில் நிறைய தூரம்.

‘ஷல்’லும் ‘ஷுட்’டும்

இங்கே உங்களுக்குப் பாதி வெற்றிதான் தரமுடியும்.

எல்லா இடத்திலும் ‘ஷுட்’ என்ற விதி தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சர்வதேசத் தரநிலைகளை எழுதுகிறவர்களுக்கு ஐஎஸ்ஓவும் ஐஈசியும் வைத்திருக்கும் வரைவு விதிகளில் ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி, ‘கேன்’ என்றால் முடியும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மேலாளருக்கு இது அந்நியமாகப் பட்டால் அவர் ஊர்ச் சாட்சியையே கூப்பிடுங்கள். இணையத்தின் நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சின்ன ஆவணத்தை வெளியிட்டார்கள். அதன்படி ‘மஸ்ட்’ என்றால் மாற்றுப் பேச்சில்லை. ‘ஷுட்’ என்றால், தக்க காரணம் இருந்தால், விளைவை யோசித்துவிட்டு மீறலாம். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் குழப்பம் தீரவில்லை. பெரிய எழுத்தில் இருந்தால்தான் இந்தப் பொருள், சின்ன எழுத்தில் இருந்தால் சாதாரணப் பேச்சுப் பொருள் என்று 2017இல் இன்னொரு ஆவணம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. மென்பொருள் உலகமே இருபது வருடம் மல்லாடிய விஷயத்தை ரசனை என்று ஒதுக்கமுடியாது என்று சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் பக்கம். ‘ஷல்’ போட்டுவிட்டால் சட்டப்படி பத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு மந்திரம் கிடையாது. சட்டப் பிரிவுகளிலேயே ‘ஷல்’ என்றிருப்பதைக் கட்டாயமில்லை என்றும், ‘மே’ என்றிருப்பதைக் கட்டாயம் என்றும் இடம் பார்த்து நம் நீதிமன்றங்கள் பொருள் கொண்டிருக்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாருக்கு நீங்கள் எழுதியதைத் தமிழில் சொன்னால் ‘மோட்டார் சுத்தமான தண்ணீரால் நிரப்பப்பட வேண்டும்’ என்று வருகிறது. யாரால்? தொழிற்சாலையிலேயே நிரப்பி அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு விவசாயி படித்தால் அவர் மேல் என்ன குற்றம்? உள்ளே இருக்கும் பேரிங்குகள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் சுழல்கின்றன. வறண்டு ஓடினால் தேய்ந்துபோகும். ‘ஷல்’லை எடுத்துவிட்டு ‘ஷுட்’டைப் போட்டாலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

‘ஷல்’, ‘ஷுட்’ எல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையில் போகிற ஸ்பெசிஃபிகேஷனுக்கு உரியவை. கையில் ஸ்பேனரோடு நிற்கிறவருக்கு நேரடி ஏவல்தான் வேண்டும்: “மோட்டாரை போர்வெல்லில் இறக்கும் முன் சுத்தமான தண்ணீரால் நிரப்புங்கள்.” இதில் அதட்டலும் இல்லை, வக்கீல் வாசனையும் இல்லை. மேலாளரின் மரியாதைக் கவலையும் தீரும், உங்கள் கட்டாயமும் நிற்கும். ஸ்டார்ட்டர் பெட்டியை நிழலில் வையுங்கள், முடிந்தால், என்பது போன்ற உண்மையான பரிந்துரைகளுக்கு ‘ஷுட்’டை அவரிடமே விட்டுவிடுங்கள்.

‘லாம்’ என்ற இரண்டெழுத்து

என் கட்சிக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். மூன்று பேஸ் மோட்டார். கரண்டில் ஒரு பேஸ் போய், மீதி இரண்டில் ஓடிக் காயில் எரிந்துவிட்டது. கம்பெனி வாரண்டி தர மறுத்தது. சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மாட்டவில்லை, அது அவர் தப்பு என்றார்கள். தொழில்நுட்ப ரீதியாக அவர்கள் சொன்னதும் சரிதான். பிரிவென்டர் இருந்திருந்தால் மோட்டார் நின்றிருக்கும். ஆனால் அவர்களுடைய தமிழ்ப் புத்தகத்தில் ‘சிங்கிள் பேஸ் பிரிவென்டரைப் பயன்படுத்தலாம்’ என்று இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் பத்து நிமிடம் மின்னியல் பாடம் நடத்தினார். கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர் மேனுவலை வாங்கிப் படித்துவிட்டு, “பயன்படுத்தலாம்னா பயன்படுத்தாமலும் இருக்கலாம்தானே?” என்றார். அதற்குப் பிறகு நான் பேச அதிகம் இருக்கவில்லை.

ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் ‘ஷுட்’ இருந்தது என்று பிறகு தெரிந்தது. உங்கள் மேலாளருக்கு இதைச் சொல்லலாம். வாசகத்தில் இரட்டைப் பொருள் இருந்தால், அதை எழுதிய தரப்புக்கு எதிரான பொருளையே எடுத்துக்கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய வழக்கம். காப்பீட்டு வழக்குகளில் தினமும் பார்க்கிறோம். மேனுவல் ஒப்பந்தம் ஆகாது என்று வாதாட இடம் உண்டு. ஆனால் வாரண்டி நிபந்தனைகளை மேனுவலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்த வாதத்தைப் பேசுவது கஷ்டம்.

ஸ்டைல் கைடைப் பின்பற்றினேன் என்பது பதிலாகுமா?

ஆகாது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலச் சட்டத்தில், கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது என்று சில வேலைகளை அடுக்கியிருந்தார்கள். பட்டியலின் கடைசியில் ‘அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகித்தல்’ என்ற மாதிரி ஒரு தொடர். ‘அல்லது’வுக்கு முன்னால் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது கட்டுகிற வேலையின் ஒரு பகுதியா? பால் நிறுவனம் ஒன்றின் லாரி ஓட்டுநர்கள், நாங்கள் கட்டுவதில்லை, விநியோகம் மட்டும்தான் செய்கிறோம், எங்களுக்குக் கூடுதல் சம்பளம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே அந்த இடத்தில் காற்புள்ளி போடாதே என்று சொல்கிறது. விதிப்படிதான் எழுதியிருக்கிறது என்றது நிறுவனம். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் இரட்டைப் பொருள் தருகிறது, தொழிலாளிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. மாநிலம் பட்டியலை அரைப்புள்ளி போட்டுத் திருத்தி எழுதியது.

அந்த வரைவுக் கையேட்டிலேயே, இப்படிப்பட்ட இடங்களில் பொருள் மயங்கும், ஜாக்கிரதை என்ற எச்சரிக்கையும் இருந்தது. விதியைப் பிடித்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். உங்கள் மேலாளரின் ஸ்டைல் கைடையும் ஒருமுறை முன்னுரையிலிருந்து படியுங்கள். தெளிவுக்காக விதியை மீறலாம் என்று பெரும்பாலான கைடுகளில் எங்காவது ஒரு வரி இருக்கும்.

ஒரே சொல் மூன்று முறை வரக்கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டிலிருந்து. நன்னூல் நூலுக்குச் சொல்கிற பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று. அதே பட்டியலில் ‘மயங்க வைத்தல்’ என்பதும் இருக்கிறது. அதை எந்த வாத்தியாரும் சிவப்பு மையில் சுழித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டில் ஒன்றைச் செய்தே தீரவேண்டும் என்றால் மேனுவல்காரர் கூறியது கூறலாம். மோட்டார் என்றால் கடைசிப் பக்கம் வரை மோட்டார். ‘யூனிட்டை ஆஃப் செய்துவிட்டு மெஷினைத் தூக்கவும்’ என்று படிக்கிறவர் எதை ஆஃப் செய்வார், எதைத் தூக்குவார்? போதாக்குறைக்கு நம் ஊரில் யூனிட் என்றாலே ஈபி பில்தான் நினைவுக்கு வருகிறது.

இதைத் துறை அளவில் ஒழுங்காகச் செய்தவர்கள் விமானக்காரர்கள். பராமரிப்புப் புத்தகங்களைப் பல நாட்டு மெக்கானிக்குகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பலருக்கு அது தாய்மொழி கிடையாது. அதற்காக 1986இல் எளிய ஆங்கிலத்துக்கு ஒரு வழிகாட்டி வந்தது. இன்று அதன் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஈ100. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். ‘க்ளோஸ்’ என்றால் மூடு மட்டும், பக்கத்தில் என்ற பொருளில் வரக்கூடாது. ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும், விதியைப் பின்பற்று என்பதற்கு வேறு சொல். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது. அதை அப்படியே நீங்கள் எடுத்தாள வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பம்ப்புக்கு ஒரு நாற்பது ஐம்பது வினைச்சொல்லுக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள இரண்டு நாள் போதும். மேலாளரோடு விதியைப் பற்றிப் பேசுவதைவிடச் சொற்பட்டியலைப் பற்றிப் பேசுவது சுலபம் என்பது என் அனுமானம்.

தமிழ்ப் பக்கத்தை நீங்கள் ஏன் கடைசியில் வைத்தீர்கள்?

கடிதத்தில் முக்கால்வாசி ஆங்கிலச் சண்டை. கிணற்று மேட்டில் படிக்கப்படுவது தமிழ். மொழிபெயர்ப்பாளர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் அவருக்கு எக்செல் வரிசையில் வாக்கியங்கள் மட்டும்தான் போயிருக்கும். மூடி எப்படி இருக்கும் என்ற படம்கூடப் போயிருக்காது. ‘ரீப்ளேஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது உங்கள் மூலத்தில்தான். இதை வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. எழுதுகிறவருக்குத் தன் வாக்கியத்தின் இரண்டாவது பொருள் கண்ணில் படவே படாது. எனக்கும் என் மனுக்களில் படுவதில்லை, ஜூனியர்தான் காட்டுகிறார்.

நான் வழக்குகளில் பார்த்த சில சொற்களைத் தருகிறேன். உங்கள் பட்டியலுக்கு ஆரம்பமாக இருக்கட்டும்.

நிறுத்தவும்: ‘பம்ப்பை நிறுத்தவும்’ என்றால் ஓட்டத்தை நிறுத்துவதா, படுத்திருப்பதை நிமிர்த்தி நிறுத்துவதா? பொருத்தும் பக்கத்தில் இரண்டாவது பொருள்தான் முதலில் தோன்றும். ‘சுவிட்சை அணையுங்கள்’, ‘செங்குத்தாக நிமிர்த்துங்கள்’ என்று பிரித்துவிடுங்கள்.

சரிபார்க்கவும்: இதுதான் எனக்கு ரொம்பப் பயம் தரும் சொல். ‘கிளாண்டில் கசிவைச் சரிபார்க்கவும்’ என்று இருந்தது. கிளாண்ட் என்பது சுழலும் ஷாஃப்ட் பம்ப்புக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் அடைப்பு. பார்க்கச் சொன்னதைச் சரிசெய்யச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, சொட்டு நிற்கும்வரை நட்டை இறுக்கிவிட்டார்கள். கிளாண்ட் பேக்கிங் உள்ள பம்ப்பில் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரவேண்டும். அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிரவைக்கிறது. இறுக்கினால் பேக்கிங் கருகும், ஷாஃப்ட்டின் ஸ்லீவில் கோடு விழும். வேடிக்கை என்னவென்றால் ஆங்கில ‘செக்’குக்கும் பார், தடு என்று இரண்டு பொருள் உண்டு. விமானக்காரர்கள் அதை வினைச்சொல்லாகப் பயன்படுத்தவே விடுவதில்லை.

கழற்றவும்: முழுக்கக் கழற்றுவதா, தளர்த்துவதா? இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது கலக்காதீர்கள்.

போடவும்: பேச்சில் ‘மோட்டாரைப் போடு’ என்றால் ஓடவிடு. ‘மோட்டாரைத் தொட்டியில் போடவும்’ என்று எழுதியவர் அதை நினைத்திருக்கமாட்டார்.

கார்டு: அந்தத் தகர மூடிக்குக் காப்பு என்ற பொருளில் ‘கப்ளிங் கார்டு’ என்று நீங்கள் எழுதப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். வாரண்டி கார்டும் அதே எழுத்துதான். மூடி என்றே வையுங்கள். மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

‘முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே செல்லும்’ என்று கடைசிப் பக்கத்தில் இருப்பதை நம்பியிருக்கிறீர்கள். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு அந்த வரியைக் காட்டினால், என் அனுபவத்தில், அது பெரிதாக எடுபடுவதில்லை. கனடாவில் 2006இல் மின்கம்ப ஒப்பந்தம் ஒன்றில் ஒரு காற்புள்ளியை வைத்து ஒரு தரப்பு ஜெயித்தது. அடுத்த வருடம் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்ததும் முடிவு தலைகீழானது. அங்கே இரண்டுமே சம அந்தஸ்துள்ள மொழிகள், நம் நிலைமை வேறு. இருந்தாலும் இரண்டாவது மொழி சும்மா அலங்காரத்துக்கு என்று எந்த வக்கீலும் சொல்லமாட்டார்.

வழக்கு உங்கள் மேல் வருமா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்புக்கு என்றே ஓர் அத்தியாயம் உண்டு. தீங்கைத் தடுக்கப் போதுமான பயன்பாட்டுக் குறிப்போ, தவறான பயன்பாட்டைப் பற்றிய எச்சரிக்கையோ இல்லாவிட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 84ஆம் பிரிவு. கவனியுங்கள், தயாரிப்பாளர். சம்பளத்துக்கு எழுதுகிற ஊழியரை அந்தப் பிரிவு தேடி வராது. மோட்டார் மட்டும் எரிந்துபோனால் அது இந்த அத்தியாயத்திலேயே வராது. பொருளுக்கு நேர்ந்த சேதத்தைத் ‘தீங்கு’ என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது சாதாரணக் குறைபாடு, வாரண்டி வழக்காகப் போகும். ஆளுக்குக் காயம் பட்டால்தான் கதை பெரிது, அதனால்தான் மூடியைப் பற்றி முதலில் பேசினேன்.

ஜெயிலுக்குப் போகவேண்டியிருக்குமோ என்று எழுதியிருக்கிறீர்கள். அசட்டையால் மரணம் விளைவிப்பது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் வருகிறது. சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது, அது மிகக் கடுமையானதாக இருக்கவேண்டும் என்பதே நீதிமன்றங்களின் பொதுவான நிலை. ஒரு சொல் பிசகியதற்காக எழுத்தரைக் கூண்டில் ஏற்றுவது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆபத்து தெரிந்தும் வேண்டுமென்றே மறைத்தால் அது வேறு. நீங்கள் அதற்கு நேர் எதிரானதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதை எழுத்தில் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பயத்தில் ஒவ்வொரு வரிக்கும் ‘எச்சரிக்கை’ ஒட்ட ஆரம்பித்ததாகச் சொல்கிறீர்கள். அதை நிறுத்துங்கள், செங்குத்தாக அல்ல. வெளிப்படையாகத் தெரிகிற ஆபத்துக்கு எச்சரிக்கை தராதது குற்றமில்லை என்று 87ஆம் பிரிவே சொல்கிறது. அமெரிக்கத் தரநிலை ஒன்றில் நான்கு படி வைத்திருக்கிறார்கள்: தவிர்க்காவிட்டால் சாவு அல்லது பலத்த காயம் நிச்சயம், நேரக்கூடும், சின்னக் காயம் நேரக்கூடும், பொருளுக்கு மட்டும் சேதம். தமிழில் நான்கையும் ‘எச்சரிக்கை’ என்றே மொழிபெயர்த்துவிட்டு, கரண்ட் ஷாக்கையும் பெயின்ட் உரிவதையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் படிக்கிறவர் இரண்டையும் தாண்டிப் போய்விடுவார்.

கையெழுத்து

இப்போது இருக்கிறபடி போடவேண்டாம். ஆனால் வெறுமனே மறுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதும் உங்களுக்கு நல்லதில்லை. கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்பது மட்டும்தான் நிற்கும். ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டம் எதைச் சரிபார்த்ததைச் சொல்கிறது என்று கேளுங்கள். அந்தச் சொல்லே உங்கள் பட்டியலில் வரவேண்டிய சொல்தான். மொழியைப் பார்த்தவர் ஒருவர், தொழில்நுட்பத்தைப் பார்த்தவர் ஒருவர், பாதுகாப்பைப் பார்த்தவர் ஒருவர் என்று கட்டத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். வடிவமைப்பு எஞ்சினியர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் நீங்கள் போடுவானேன்? பிரிக்க மறுத்தால், ‘பக்கம் இத்தனை, வரி இத்தனை தவிர்த்து’ என்று குறிப்போடு போடுங்கள். அந்தக் குறிப்பை மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். மூன்று வரி போதும்: என்ன வாசகம், அதற்கு இன்னொரு பொருள் என்ன, அதனால் எது நடந்தது. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்ற தொனி வரக்கூடாது. கம்பெனி மின்னஞ்சலுக்குள்ளேயே இது நடக்கட்டும். ஆவணங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிச் சேர்த்துவைக்காதீர்கள். பணி ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருந்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொன்னதில் சிறிய வாக்கியம், செயப்பாட்டு வினையைக் குறைப்பது, ‘தயவுகூர்ந்து’ வகையறாக்களை எடுப்பது எல்லாம் நல்ல விதிகள். உங்கள் தண்ணீர் நிரப்பும் வாக்கியத்தை அந்தச் செயப்பாட்டு வினை விதிதான் காப்பாற்றியிருக்கும். கூட்டத்தில் அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு அப்புறம் மூடியைப் பற்றிப் பேசிப்பாருங்கள். ‘எல்லாருக்கும் தெரியும்’ என்று அவர் திரும்பவும் சொன்னால் வாதாடாதீர்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் மூன்று மெக்கானிக்குகளிடம் கொடுங்கள், அவர்கள் செய்வதை அவரையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் யாரும் விளக்கம் சொல்லக்கூடாது, நீங்களும்தான்.

வேலையை விடுவது பற்றி இப்போது எதுவும் சொல்லமாட்டேன். திருத்தச் சீட்டு கேட்டு அனுப்பும் மின்னஞ்சலுக்கு என்ன பதில் வருகிறது என்று இரண்டு வாரம் பார்ப்போம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுதுங்கள்; கூடவே பணி ஒப்பந்தத்தின் ரகசியக் காப்புப் பக்கத்தை, கம்பெனி பெயரை மறைத்து, அனுப்பிவையுங்கள்.